சனிக்கிழமைக்கு வண்டி தயார்

தோமே,
செவ்வாய்க்கிழமை காலை

பேரன்புக்குரிய மகள் யஸ்னாவுக்கு,

உன் அப்பா நிபால்தோ எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீயும் குழந்தை மில்லராயும் சளி, இருமல், கலாமா சுரங்கத்துப் புழுதி எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மா உபெர்லிந்தாவும் சுகம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. மழை வரும், மழை வரும் என்று அது மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, மழை இன்னும் அதன் பேச்சைக் கேட்கவில்லை. கோழிகள் ஐந்தும் நலம். ஐந்தில் ஒன்றுக்கு மனசு சரியில்லை, அதற்குக் காரணம் நான்தான், அது பின்னால் வரும்.

முப்பத்தோரு வருடம் தபால் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் கடிதத்தையெல்லாம் தெருவாரியாகப் பிரித்துப் போட்டவன், சொந்த மகளுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத உட்கார்ந்ததுமே உன் அம்மா எட்டிப் பார்த்து, "போன்ல சொல்லிட்டுப் போயேன் கிழவா, எதுக்கு இத்தனை தாளைப் பாழாக்குற?" என்றாள். போனில் நமக்குள் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் மணி அடிக்கும், நான் எடுப்பேன், நீ "அலோ பப்பா" என்பாய், நான் "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்பேன். அதற்கு மேல் என் வாயில் ஒரு வார்த்தை வந்ததில்லை. தாளில் அந்தத் தொல்லை இல்லை. நான் யோசிக்கிற வரை அது பேசாமல் கிடக்கும். இதை வடக்கே போகிற பஸ்ஸின் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், வியாழனுக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தபாலில் போட்டால் விழா முடிந்துதான் வரும். இதைத் தபால்காரன் நானே சொல்கிறேன்.

விஷயம் இதுதான். செப்டம்பர் விழாவுக்கு நீ சனிக்கிழமை மதியம் கான்செப்சியோன் பஸ் நிலையத்தில் வந்து இறங்கும்போது நான் வண்டியோடு நிற்பேன். நம் சிவப்பு வண்டிதான், ஆறு வருடமாகத் தார்ப்பாயின் கீழ் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த அதே வண்டி. போன மாதம் நீ போனில் அம்மாவிடம், "நாங்க ஊர் பஸ்லயே வந்துடறோம்மா, பப்பா வண்டிக்குதான் பரிசோதனைச் சீட்டு கிடையாதே" என்று சொன்னதைப் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நான் கேட்டுவிட்டேன். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதமே. ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் போதாததால் முதலில் புகைக்குழாயைப் பற்றிச் சொல்கிறேன்.

மறுநாளே தார்ப்பாயை உருவினேன். மேஸ்திரி எலாதியோவை உனக்கு நினைவிருக்கும்; நம் குன்றில் தண்ணீர்க் குழாய், ரேடியோ, தையல் மெஷின் எது நின்றுபோனாலும் ஒரு சுருள் கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "தோன் நிபால்தோ, உண்மையைச் சொல்லட்டுமா, இல்ல வேலையை ஆரம்பிக்கட்டுமா?" என்றார். வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். கதவின் உள்பக்கத் தகட்டில் வண்டி இந்தியாவில் செய்தது என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. "அவ்ளோ தூரத்துலேருந்து கடலைத் தாண்டி வந்த வண்டி, இங்க இருக்கற கான்செப்சியோனுக்கு வராதா என்ன?" என்றார். கடலைத் தாண்டியது கப்பல், வண்டி சும்மா உட்கார்ந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. கூலி குறைவாக வாங்குகிறவர் மனத்தை நோகடிக்கக் கூடாது.

எப்படியோ சரிவில் தள்ளிவிட்டு உயிர் கொடுத்து முதல் தடவை பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு சின்னப் பெண், நீல உடுப்பு, காதில் பேனா. உன் வயதுதான் இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து எழுதினாள், எழுதினாள், தாளைத் திருப்பி அந்தப் பக்கமும் எழுதினாள். டயர் நான்கும் வெடிப்பு விட்டுக் கிடக்கின்றன, பேட்டரி செத்துவிட்டது, அதனால் விளக்கும் ஹாரனும் இல்லை, புகைக்குழாயில் கை நுழைகிற ஓட்டை, கை பிரேக் பிடிக்கவில்லை, தீயணைப்பான் இல்லை, எச்சரிக்கை முக்கோணம் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை. "சரியா இருக்கறது ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டேன். அவள் நியாயமான பெண், கொஞ்சம் யோசித்தாள். "முன் கண்ணாடியில கீறல் இல்ல தோன். கோழி எச்சம்தான் இருக்கு, அதைத் துடைச்சிடுங்க" என்றாள். பதினைந்து நாள் கெடு கொடுத்து, தாளில் சிவப்பு முத்திரை குத்திக் கையில் கொடுத்தாள்.

உன் அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். அதில் இருந்த சேமிப்பு ஒரு டயருக்குக் காணும், அதுவும் ஏற்கெனவே ஓடிய டயருக்கு. வண்டிக்குச் சக்கரம் நான்கு என்று நான் நினைவுபடுத்தியதும், "அந்த நாலையும் நல்லா இருந்தப்பவே ஓட்டியிருக்கணும்" என்றாள். அவள் சொன்னது டயரைப் பற்றி மட்டும் இல்லை என்று புரிந்தது. உன்னிடம் பணம் கேட்கலாம் என்று எலாதியோ யோசனை சொன்னார். உன்னிடம் கேட்பதற்குப் பதில் வண்டியை நானே தோளில் தூக்கிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

புகைக்குழாய்க்கு வருகிறேன். ஓட்டையை அடைக்கச் சரியான சுற்றளவில் ஒரு தகர டின் வேண்டும் என்றார் எலாதியோ. பட்டாணி டின் ஒல்லி, பால்பவுடர் டின் குண்டு. அவர் சமையலறை அலமாரியைத் துழாவி, மாவுப் பைக்குப் பின்னால் உன் அம்மா ஒளித்து வைத்திருந்த பீச் பழ டின்னைக் கண்டுபிடித்துவிட்டார். "அதைத் தொடாதீங்க, அது குழந்தைக்கு வச்சிருக்கேன்" என்று உன் அம்மா கரண்டியோடு வந்து குறுக்கே நின்றாள். "எனக்குப் பழம் வேணாம் சென்யோரா, டின் மட்டும் போதும்" என்றார் எலாதியோ. திறந்த பழம் மூன்று வாரம் தாங்குமா? வேறு வழியில்லாமல் நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, துக்க வீட்டில் சாப்பிடுகிற மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மில்லராயின் பீச் பழத்தைச் சாப்பிட்டு முடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. எலாதியோ டின்னை வெட்டிக் குழாயில் சுற்றிக் கம்பியால் இறுக்கினார். டின்மேல் அச்சடித்த பழப் படம் வெளிப்பக்கம் வந்துவிட்டது. உன் அம்மா மறுநாளே வேறு டின் வாங்கிவிட்டாள், இந்த முறை ஒளித்த இடத்தை எனக்கே சொல்லவில்லை.

கை பிரேக்கையும் அன்றே முறுக்கினார். சோதித்துப் பார்க்க நம் சரிவில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கி நின்று ரசித்தோம். வண்டியும் கொஞ்ச நேரம் எங்களை ரசித்தது. பிறகு அவசரமே இல்லாமல் பின்னால் போய்க் கோழிக்கூட்டில் சாய்ந்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. நான் முதலில் சொன்ன அந்தக் கோழி மட்டும் அன்றிலிருந்து முட்டையிடவில்லை, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

பேட்டரி வேண்டி பாஸ்டர் எலிசெயோவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் அவர் பிரசங்கம் செய்கிற ஒலிபெருக்கிக்கு ஒரு நல்ல பேட்டரி வைத்திருக்கிறார் என்பது குன்று முழுக்கத் தெரியும். நமக்கு ஞாயிறு காலைத் தூக்கம் போனதே அதனால்தான். கேட்டதும் எடுத்துக் கொடுக்க வந்தவர் பாதியில் நின்றார். புகைச் சோதனையில் தேற பெட்ரோலோடு ஒரு குப்பி சாராயத்தை ஊற்றுவது இங்கே எல்லோரும் செய்கிற காரியம், எலாதியோ ஏற்கெனவே குப்பியை வாங்கி வைத்திருந்தார், அது யாரோ மூலமாகப் பாஸ்டர் காதுக்குப் போய்விட்டது. "தோன் நிபால்தோ, என் பேட்டரி குடிக்கிற வண்டியில உக்காராது" என்றார். குடிக்கப்போவது வண்டிதான், நான் இல்லை என்றேன். "குடிக்கிறவன் எல்லாம் அப்படித்தான் யார் மேலயாவது சொல்லுவான்" என்றார். கடைசியில் வண்டி மதுவைத் தொடாது என்று அவர் வீட்டு வாசலில் நின்று வாக்குக் கொடுத்தேன். குப்பியை எலாதியோ கூலியில் கழித்துக்கொண்டார். "பேட்டரியைத் தர்றேன், ஆனா அது என் பொறுப்பு, என் கண் அது மேல இருக்கும்" என்று பாஸ்டர் சொன்னார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டயருக்கு எங்கே போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கால்தான் வரவில்லை. உன்னை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்ட மருத்துவச்சி ஓர்த்தென்சியாவிடம் நம் வண்டியின் இரட்டை ஒன்று நிற்கிறது. புது டயர் நான்கு மாட்டிய வாரமே அதன் என்ஜின் போய்விட்டது, அன்றிலிருந்து அந்த டயர்களை அவர் பூந்தொட்டிகளைக் காட்டிலும் கவனமாகத் துடைத்து வைக்கிறார். நான் போனபோது ஜன்னலருகே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல் நம் படிக்கட்டைப் பார்த்த ஜன்னல்.

"எதுக்கு உனக்கு டயர்?" என்றார்.

"பரிசோதனைக்கு."

"பரிசோதனை எதுக்கு?"

"யஸ்னா வர்றா. நானே போய்க் கூட்டிட்டு வரணும்."

அவர் ஊசியை மடியில் வைத்தார். "அன்னிக்கு நல்ல மழை. அந்தப் பொண்ணு வயித்தைச் சுமந்துக்கிட்டு, பெட்டியை ஒவ்வொரு படியா இறக்கி இறக்கிப் போச்சு. நான் இங்கேருந்து பார்த்துட்டுதான் இருந்தேன். என் இடுப்பு அப்ப உடைஞ்சு கட்டு போட்டிருந்துச்சு, இல்லன்னா நான் இறங்கியிருப்பேன். உன் இடுப்புக்கு என்ன வந்துச்சு நிபால்தோ?"

ஒன்றும் வரவில்லை என்றேன்.

மகளே, புகைக்குழாயும் முடிந்தது, பிரேக்கும் முடிந்தது, இனி ஒளிய இடமில்லை, எழுதிவிடுகிறேன். அன்று நீ கேட்டாய்: "பப்பா, பஸ் நிலையம் வரைக்கும் கொண்டு விடறீங்களா, மழையா இருக்கு." நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "வண்டிக்குச் சீட்டு முடிஞ்சிடுச்சு, போலீஸ் புடிப்பான்" என்றேன். அது பொய். சீட்டு ஆகஸ்ட் கடைசி வரை இருந்தது. அன்று ஜூலை பதினொன்று. வண்டியில் பெட்ரோல் இருந்தது, டயர் இருந்தது, எனக்குத்தான் கோபம் இருந்தது. குழந்தையின் அப்பன் யார் என்று நீ சொல்லவில்லை என்ற கோபம். உண்மையில் அது ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம், கோபம் என்று நான் பெயர் மாற்றி வைத்திருந்தேன். நீ இறங்குகிறபோது பெட்டி ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நூற்றுப் பதினெட்டுப் படி. நான் எண்ணினேன். எண்ணுகிற நேரத்தில் எழுந்து வந்திருக்கலாம். ஆகஸ்ட் முடிந்தது, நான் சீட்டைப் புதுப்பிக்கவில்லை. சொன்ன பொய் உண்மையாகவாவது ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன் அல்லவா, ஊர் ஒன்றுமே சொல்லவில்லை யஸ்னா. மழையில் உன்னைத் தனியாக அனுப்பியதைத்தான் சொன்னது. நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வந்தேன். உன் அம்மா சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

ஓர்த்தென்சியாவிடமும் இதையெல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எடுத்துக்கோ. நாலையும் எடுத்துக்கோ. என் வண்டியைக் கல்லு மேல நிறுத்திக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. ஆனா ஒண்ணு, என் டயர் போற இடத்துக்கு நானும் போவேன்" என்றார். இதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மிச்சம் தீயணைப்பான். நம் குன்றில் முப்பது வண்டிக்கு மேல் இருக்கின்றன, தீயணைப்பான் ஒன்றே ஒன்றுதான், அது குடியிருப்போர் சங்கத் தலைவி எதெல்மிராவுடையது. முக்கோணத்தையும் முதலுதவிப் பெட்டியையும் அதோடு சேர்த்து ஒரு பூப்போட்ட மேசை விரிப்பில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார். யாருக்குப் பரிசோதனை மாதமோ அவர் போய் மூட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும், சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும். இது வரை ஒரு குறையும் வந்ததில்லை. இரண்டு வண்டி ஒரே நாளில் தீப்பிடித்தால் ஒருவர் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நேற்றோடு கெடு முடிகிறது என்று நான் போய் நின்றால், எதெல்மிரா தலையில் கை வைத்தார். மீன்காரர் வண்டிக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் நேற்றுதான் கடைசி நாளாம். நம் ஆட்கள் எதையாவது கடைசி நாளுக்கு முன்னால் செய்திருந்தால்தானே? "கவலைப்படாதீங்க தோன் நிபால்தோ, மூட்டையைத் தூக்கிக்கிட்டு நானே வர்றேன். என் அணைப்பான் என் கண்ணை விட்டு நகராது" என்றார்.

ஆக நேற்று நிலையத்தில் நாங்கள் மூன்று வண்டி, வரிசையில் ஒன்றன்பின் ஒன்று. மூட்டை முதலில் மீன்காரர் வண்டியில் ஏறியது. அவர் தேறிப் பச்சைச் சீட்டு வாங்கியதும் எதெல்மிரா மூட்டையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, கழிப்பறை தேடுகிறவர் மாதிரி முற்றத்தைச் சுற்றி வந்து பள்ளிக்கூட வேனில் வைத்தார். வேன் தேறியது. மறுபடியும் கழிப்பறை தேடி என் வண்டிக்கு வந்தார், மூச்சிரைத்தது. அதே நீல உடுப்புப் பெண்தான் வந்தாள். பின்கதவைத் திறந்தாள், தீயணைப்பானைப் பார்த்தாள், குனிந்து முகர்ந்தாள்.

"மீன் வாசனை அடிக்குது" என்றாள்.

"கடலோர ஊரும்மா" என்றேன்.

"இந்த அணைப்பான்ல நகப்பூச்சுல எதெல்மிரான்னு எழுதியிருக்கு. காலையிலேருந்து இதை மூணாவது தடவை பார்க்கறேன். வணக்கம் சொல்லலாமான்னு இருக்கு." முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு சீப்பு, தேநீர்ப் பொட்டலம் இரண்டு, யாருடையதோ மூக்குக்கண்ணாடி, ஒரே ஒரு கட்டுத்துணி. "ஒவ்வொரு வண்டியிலயும் அணைப்பான் இருக்கணும்னு சட்டம் தோன்" என்றாள்.

எதெல்மிரா பின் சீட்டிலிருந்து தலையை நீட்டி, "இருக்கேம்மா. இப்ப இந்த வண்டியிலதான் இருக்கு" என்றார். அந்தப் பெண் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். யோசித்தால் அதில் தப்பு இல்லை. குறி போட்டாள். கட்டுத்துணி இன்னும் இரண்டு வாங்கி வைக்கச் சொன்னாள்.

விளக்கு எரிந்தது, ஹாரன் அலறியது, பாஸ்டரின் பேட்டரி அல்லவா, குரலுக்குக் குறைவில்லை. பிறகு பள்ளத்துக்குள் இறங்கி வண்டியின் அடியில் போனாள். "தோன், உங்க புகைக்குழாய்ல பீச் பழம் இருக்கு" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "படம் மட்டும்தாம்மா, பழத்தைச் சாப்பிட்டாச்சு" என்றேன். தட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், புகை அளக்கிற கருவியை மாட்டினாள். ஒரு சொட்டு மதுவும் இல்லாமல் வண்டி தேறியது, இதைப் பாஸ்டர் அடுத்த ஞாயிறு ஒலிபெருக்கியில் சொல்லாமல் விடமாட்டார்.

கடைசியாகக் கை பிரேக். பிரேக்கின் பிடியை அளக்கிற உருளைமேல் வண்டியை ஏற்றினார்கள். இழுத்தேன், எண் போதவில்லை. இன்னொரு முறை இழுத்தேன், போதவில்லை. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மகளே. சனிக்கிழமை, நீ, குழந்தை, மழை, நூற்றுப் பதினெட்டுப் படி, எல்லாவற்றையும். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள். ஆனால் குறி போட்டுவிடவில்லை. "பிரேக்குக்கு உங்க மக வர்றது தெரியாது தோன். குழந்தையை ஏத்தப் போறீங்க, பிடிக்கணும். அப்படி ஓரமா கொண்டு போய் உங்க மேஸ்திரியை விட்டு முறுக்கச் சொல்லுங்க, நாங்க மூடறதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள். எலாதியோ வண்டிக்கடியில் படுத்தார். கம்பி தீர்ந்துபோய், எதெல்மிராவின் மூட்டைக் கயிற்றையே அவிழ்க்கப் பார்த்தார், அவர் விடவில்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடி உருளைமேல் ஏறினோம். இரண்டு கையாலும் இழுத்தேன். பிடித்தது.

பச்சைச் சீட்டை அந்தப் பெண்ணே ஒட்டினாள். கோணலாக இருக்கிறது என்று பிரித்து நேராக ஒட்டினாள். "சனிக்கிழமை மழைன்னு சொல்றாங்க, மெதுவா போங்க" என்றாள். வீட்டுக்கு வந்து வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, நானும் உன் அம்மாவும் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றோம். "இதை அன்னிக்கே வச்சிருந்தியே கிழவா" என்றாள் அவள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது, ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

ஆகையால் சனிக்கிழமை நீ ஊர் பஸ்ஸைத் தேட வேண்டாம். நிலைய வாசலில் சிவப்பு வண்டி நிற்கும், கதவை நானே திறப்பேன். நீ முன் சீட்டில் என் பக்கத்தில். மில்லராய் பின்னால், இடது ஜன்னலோரம். கலாமாவில் பிறந்த குழந்தை இன்னும் கடலைப் பார்த்ததில்லை என்று உன் அம்மா சொன்னாள். பென்கோ தாண்டியதும் இடப்பக்கம் கடல் வரும், அங்கே வண்டியை நிறுத்தி அவளை இறக்கிக் காட்டப் போகிறேன். கை பிரேக் இப்போது பிடிக்கிறது, பயமில்லை.

நீங்கள் இருவரும் நல்லபடியாக வந்து சேர அன்னை மரியாள் வழித்துணையாக வரட்டும். பஸ்ஸில் கொடுக்கிற சாண்ட்விச்சைக் குழந்தைக்குக் கொடுக்காதே, அம்மா கோழி வறுத்து வைப்பாள், அந்த முட்டையிடாத கோழி இல்லை, அதற்கு நான் மன்னிப்பு வாங்கித் தந்திருக்கிறேன். குழந்தைக்கு என் முத்தங்கள். உனக்கும்.

இப்படிக்கு,
உன்னைச் சனிக்கிழமை நிச்சயமாக வண்டியில் அழைத்து வரப்போகும் அப்பா,
நிபால்தோ ரிஃப்போ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. ஓர்த்தென்சியா, பாஸ்டர் எலிசெயோ, எதெல்மிரா மூன்று பேரும் வாசலில். மாமூல்படி பரிசோதனை முடிந்ததும் பொருளைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார்கள்.

"டயர் என்னோடது, நான் வருவேன்னு அப்பவே சொன்னேன்" என்றார் ஓர்த்தென்சியா. பேட்டரி தன் பொறுப்பு என்றார் பாஸ்டர். எதெல்மிரா மூட்டையைப் பின் சீட்டில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார். இது நான்கு பேர் வண்டி. பச்சைச் சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அந்தப் பெண் ஒட்டிய சீட்டை நான் மீற மாட்டேன். அவர்கள் மூன்று பேர், ஓட்டுகிற நான் ஒருவன். "அப்ப யஸ்னாவும் குழந்தையும் எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அதை யோசிக்கவில்லை.

டயருக்காகவும் பேட்டரிக்காகவும் வரவில்லை, மகளே, எனக்குத் தெரியும். ஓர்த்தென்சியா தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருக்கிறார். பாஸ்டர் சட்டையைச் சலவைக்குக் கொடுத்துவிட்டார். அவர்களுக்கும் உன்னைக் கூட்டிவர வேண்டும். அன்றைக்கு ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒருவர் நின்றிருக்கிறார், நான் ஒருவன் மட்டும் அல்ல.

அதனால் ஏற்பாடு கொஞ்சம் மாறுகிறது. ஓர்த்தென்சியாவிடம் லைசென்ஸ் இருக்கிறது, அவர் ஓட்டுவார். போகும்போது நான்காவது சீட்டு எனக்கு. வரும்போது அதில் உன் மூட்டை முடிச்சுகளை ஏற்றலாம், பெட்டியைத் தவிர. பச்சைச் சீட்டு ஒட்டிய வண்டி முன்னால் போகும், நீயும் நானும் மில்லராயும் பின்னால் ஊர் பஸ்ஸில் வருவோம், அன்றைக்கு நீ தனியாக ஏறிய அதே பஸ்ஸில். டிக்கெட் மூன்று, நான் எடுக்கிறேன். இடப்பக்கம் உட்கார வேண்டும், கடல் அங்கேதான் வரும்.

பஸ் கீழேதான் நிற்கும், படிக்கட்டு ஏறியாக வேண்டும். பெட்டியை நான் தூக்குவேன். என் மூச்சுக்கு நடுவில் மூன்று நான்கு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். அப்போது நீ என்ன வேண்டுமானாலும் பேசலாம், திட்டவும் செய்யலாம். போனில் செய்கிற மாதிரி நான் அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.